ஆவணியில் போட்ட பிராது

படிகாரத்துக்கு வாசனை கிடையாது என்று எங்கள் தெருமுனை சலூன்காரர் சத்தியம் செய்கிறார். எனக்கு இருக்கிறது. நனைந்த தகரமும், மழை ஊறிய சுண்ணாம்புச் சுவரும், வெயில் ஏறாத வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்த வாசனை. போன வாரம் அவர் என் கழுத்தின் பின்பக்கம் அந்தக் கட்டியை ஈரத்தோடு இழுத்தார். கண்ணாடியில் என் நரைத்த தலை இருந்த இடத்தில் அத்தானின் தலை வந்து குனிந்தது. புத்தம் புதிய மொட்டை. காதுக்கு மேலே கத்தி கீறிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் படிகாரம், பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்கிறார். எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு வாய்க்கால் கரை. அத்தானுடைய அம்மாவின் பதினாறாம் நாள், கருமாதி.

எல்லாரும் அந்தத் தலையைப் பார்த்தார்கள். என் கண் போனது அவர் காலுக்கு. விடியற்காலையில்தான் மதுரை ஜெயிலில் விட்டார்கள், நேரே இங்கே வந்து இறங்கினார் என்று சொன்னார்கள். ஜெயிலிலிருந்து நேரே வந்தவரின் குதிகால் வெடிப்புக்குள் செம்மண் அப்பியிருந்தது. தோட்ட வேலை கொடுத்திருப்பார்களாக்கும் என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர் நாய்க்குப் பேர் பெற்ற ஊர். மோப்பம் என்னவோ மனுசருக்குத்தான் அதிகம்.

அத்தான் என் அக்காவின் புருசன். ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் காவல் வேலை. கிட்டங்கியில் பஞ்சுப் பொதி காணாமல் போனது. காவல்காரனைத் தவிர வேறு யாரைப் பிடிப்பது சுலபம்? தண்டனை ஆகி, முதலில் பாளையங்கோட்டை ஜெயில், பிறகு மதுரைக்கு மாற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அப்பீல் போட்டோம். அப்பீலில் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அக்கா வீட்டைக் கழுவிவிட்டாள். அத்தை, அதாவது அத்தானின் அம்மா, படுக்கையில் கிடந்தபடியே “மீன் வாங்கணும்ட்டி” என்றாள். விடுதலை உத்தரவு தபாலில் போகும், ரெண்டொரு நாளில் ஆள் வந்துவிடும் என்றார்கள்.

ஆள் வரவில்லை.

மதுரைக்கு நான் போனேன். ஜெயில் வாசலில் காவலர் ஒரு சின்னக் கதவைத் திறந்து முகத்தை மட்டும் வெளியே காட்டினார்.

“உத்தரவு வரலை.”

“விட்டாச்சுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க சார்.”

“கோர்ட்டுல சொன்னா கோர்ட்டு விடட்டும். எங்களுக்குத் தாள் வந்தாத்தான் கதவு.”

“செத்த நேரம் பாத்துட்டுப் போறேன் சார்.”

“மனுப் போட்டுக் கைதியப் பாக்குற நாள் இது இல்ல.”

முகம் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. அத்தானை நான் பார்க்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், அந்தக் காவலர் ஏதோ எதிர்பார்த்தாரோ, நான் சட்டைப் பையில் கை விடாததுதான் தப்போ என்று மனசு கடைந்துகொண்டே வந்தது. உண்மையில் அந்தத் தாள் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தது. பழைய விலாசம். அங்கே ஆள் இல்லை என்று யாரோ அதை ஒரு மேசை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இல்லை, தோன்றித்தான் வைத்தார்களா? இந்த வயதிலும் என்னால் அந்த மேசையை நம்ப முடியவில்லை.

வாரங்கள் போயின. வைகாசி வெயிலில் மலை வெளிறிக் கிடந்தது. மில் சங்கு ஊதும்போதெல்லாம் அத்தை வாசலைப் பார்த்தாள். ஒரு மத்தியானம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரே மகன். பிணத்தைச் சாயங்காலம் வரைக்கும் போட்டிருந்தோம். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் மதுரை பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொழுது சாய்ந்ததும் அத்தானின் பெரியப்பா மகன் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். பங்காளி. அத்தானுக்கு மூத்தவர். சின்ன வயசிலிருந்தே ரெண்டு பேருக்கும் ஆகாது. அவர்தான் கொள்ளி வைத்தார். வைத்துவிட்டு வந்து, நனைந்த வேட்டியோடு நின்றபடி அக்காவைக் கேட்டார்:

“கோர்ட்டு விட்டு எத்தன நாளாச்சு? இன்னும் உள்ளதான் இருக்காம்னு சொல்லுதியே, நீ பாத்தியா?”

“தம்பி போயிட்டு வந்தான்.”

என்னைப் பார்த்தார். “நீ பாத்தியாடே?”

“பாக்க விடலை” என்றேன்.

“விடலை” என்று அவர் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை சுடுகாட்டுப் புகை மாதிரி தெருவில் தங்கிவிட்டது. மதுரையில் இன்னொரு வீடு இருக்குமோ. வெட்கப்பட்டுக்கொண்டு எங்காவது ஓடிவிட்டானோ. பெத்தவள் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் வராதவன் மனுசனா. அதற்குப் பிறகு துக்க வீட்டில் தினமும் பங்காளிதான் முதல் ஆளாக வந்து உட்காருவார். யாராவது எதிர்த்துப் பேசினால் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். “இது கொள்ளி வச்ச கை.” சோறு பிசையும்போதுகூட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் பிசைவார்.

அதனால்தான் கருமாதியன்றைக்கு அத்தான் வந்து இறங்கியது பெரிய காரியமாகிவிட்டது. வாய்க்கால் கரையில் அவர் மொட்டைத் தலையோடு அம்மாவுக்குப் பிண்டம் வைத்தபோது பெண்கள் கதறினார்கள். “பாவி பயலுக, பதினாறுக்குத்தான் விட்டிருக்கானுகளே!” என்று தெருவே கவர்மெண்டைத் திட்டியது. பங்காளியின் கை அன்று பூராவும் இடுப்பை விட்டு மேலே வரவில்லை. எல்லாருமாகத்தான் சொன்னார்கள்: சும்மா விடாதே, கேஸ் போடு, கவர்மெண்டு வந்து சொல்லட்டும், ஒன்னய யாரு அடைச்சு வச்சதுன்னு.

அத்தானுக்கும் வேண்டியது அதுதான். கிட்டங்கிக்காரன் வேலை தரவில்லை, அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனது என் தப்பு இல்லை என்று, பொது இடத்தில், முத்திரை உள்ள வாயால் யாராவது சொல்ல வேண்டும்.

மாசம் சில கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலைப் பார்க்கப் போனோம். அக்கா, அத்தான், நான். நான் அப்போது ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேன். இங்கிலீஷ் தாளை எழுத்துக்கூட்டியாவது படிப்பேன் என்பதால் கூட்டிப் போனார்கள். வக்கீல் நல்ல மனுசர் மாதிரிதான் இருந்தார். மாதிரி என்று ஏன் எழுதுகிறேன்? அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது எந்த வாக்கியமும் முழுக்காலில் நிற்க மாட்டேன் என்கிறது.

பக்கத்து மேசையில் அவருடைய குமாஸ்தா. எங்கள் தெருக்காரர். அவரைப் பார்த்ததும் அக்காவின் முகம் சேலைத் தலைப்புக்குள் பாதி போய்விட்டது.

“சட்டத்துக்குப் பொறம்பா அடைச்சு வச்சதுக்கு நஷ்ட ஈடு கேக்கணும்னா, வெளிய விட்ட நாள்லருந்து ஒரு வருஷம்” என்றார் வக்கீல். “கவர்மெண்டு மேல போடறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும். அந்த ரெண்டு மாசம் ஒரு வருஷத்தோட கூடும். அதுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்தியாச்சு. சொல்லுங்க, எப்ப விட்டாங்க?”

“அத்தை கருமாதியன்னைக்கு சார்” என்றாள் அக்கா. “காலைல.”

வக்கீல் அத்தானைப் பார்த்தார். அத்தான் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தன் பேனா முனையைப் பார்த்தார்.

“ம்” என்றார் அத்தான்.

“விடும்போது ஒரு சீட்டு குடுத்திருப்பாங்களே?”

“சட்டைப் பையில இருந்துச்சு. சட்டையோட தண்ணில விட்டாச்சு.”

“தண்ணிலயா?”

“உள்ள போட்டிருந்த துணிய வீட்டுக்குள்ள கொண்டாரலாமா சார்?” என்று அக்கா கேட்டாள், அவர்தான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டது போல.

வக்கீல் சிரித்தார். “நல்ல ஊருய்யா. சர்க்கார் முத்திரையக்கூட மீனுக்குப் போட்டுருவீங்க. சரி, எவ்வளவு கேக்கலாம்?”

அத்தான் அப்போதுதான் முழுசாக ஒரு பேச்சுப் பேசினார். “நஷ்ட ஈடு வேண்டாம் சார். தப்பு எங்க மேலதான்னு அவிய ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“கோர்ட்டுல வார்த்தையத் தனியா விக்கிறதில்லைய்யா. நஷ்ட ஈடு கேட்டாத்தான் அது கூட வார்த்தையும் வரும்.”

வெளியே வந்ததும் அக்கா என் காதைக் கடித்தாள். “அந்தக் குமாஸ்தா இருக்கிற எடத்துல வாயத் தொறக்காத. நம்ம தெருவுல ஒண்ணு சொன்னா பத்து வீட்டுக்குப் போயிரும். அவிய வீட்டுக்குள்ள பேசுறது பூரா தெலுங்கு. என்ன பேசிக்கிடுதாகன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“என்னத்தப் பேசப்போறாங்க?”

“என்னத்தையோ” என்றாள். அந்த என்னத்தையோவுக்குள் ஏதோ அசைந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

நோட்டீஸ் போனது. கருமாதித் தேதியை விடுதலைத் தேதியாகப் போட்டு, முத்திரை ஒட்டி, பதிவுத் தபாலில். ரெண்டு மாசமும் பதில் வரவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றுவரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஜெயிலில் எல்லாத் தேதியும் அவர்களிடம் இருக்கிறது. எங்கள் நோட்டீஸில் தேதி பிசகியிருந்தால் அவர்களுக்குத் தெரியாதா? படிக்கவே இல்லையா? படித்துவிட்டு, இவர்களே போய்க் கிணற்றில் விழட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா? முதலாவது சோம்பல், இரண்டாவது கெட்டிக்காரத்தனம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி மூடின ஜன்னல்.

வருஷம் திரும்பியது. ஆடி மாசம், பிராது தட்டச்சு ஆகி மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே உள்ளே போயிருக்கும். தேருக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. காற்று மேற்கே கணவாயிலிருந்து இறங்கி, கோர்ட்டு வளாகத்துத் தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அக்கா காளியம்மனைப் பார்ப்பது போல வக்கீலைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

“ஆடில வேண்டாம் சார். ஆடில ஆரம்பிச்சது எது வெளங்கியிருக்கு? அதுவும் கவர்மெண்டோட மல்லுக்கட்டுற காரியம்.”

வக்கீல் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். “நீங்க சொன்ன தேதிப்படி ஆவணி பொறந்தும் நாள் கெடக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. போட்டுக்கலாம்.”

அத்தான் வாயைத் திறந்தார். “இல்ல சார், ஆடிலயே…”

குமாஸ்தா டீ டம்ளர்களோடு உள்ளே வந்தார். அத்தானின் வாய் மூடிக்கொண்டது. அக்கா டீயை வாங்கி அவர் கையில் திணித்தாள். ஆவணி பிறந்து, நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, சாமி கும்பிட்டுவிட்டுப் பிராதைப் போட்டோம்.

பிறகு வாய்தா. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. ஒரு வழியாக அத்தான் கூண்டில் ஏறினார். தலைமுடி வளர்ந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னார். கருமாதித் தேதியையும் சொன்னார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். குரலே இல்லாத மனுசர். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“உங்க தாயார் காலமானது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வெளிய வந்தப்ப.”

“யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை. வாசல்ல எங்க தாய்மாமா நின்னாரு. துண்டு இடுப்புல இருந்துச்சு. என்னயப் பாத்துட்டு அழுதாரு. தெரிஞ்சுபோச்சு.”

“வாசல்னா, ஜெயில் வாசல்தானே?”

“ஆமா.”

“ரொம்பக் கஷ்டம்தான். உங்களுக்கு ஒரே அம்மா. அங்கருந்து எங்க போனீங்க?”

அத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். அக்கா தலையை ஆட்டவில்லை, ஆட்டாமல் இருப்பதற்காகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அரசு வக்கீல் அவசரப்படவே இல்லை.

“தேவதானம்” என்றார் அத்தான். “மாமா தோப்புக்கு.”

“அங்க எவ்வளவு நாள் இருந்தீங்க?”

“கருமாதி வரைக்கும்.”

“அப்ப பிராதுல இருக்கிற தேதி?”

“அது வீட்டுக்கு வந்த தேதி.”

எங்கள் வக்கீலின் கையிலிருந்த பேனா எழுதுவதை நிறுத்தியது. அரசு வக்கீல் உட்காரும் முன் ஒரு தாளை நீட்டினார், ஜெயிலிலிருந்து வந்த கடிதம். அதற்குத் தேவையே இருக்கவில்லை. பத்து நாள்போல முந்தியே விட்டிருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆடியின் கடைசியில் முடிந்துபோய்விட்டது. எங்கள் பிராது போனது ஆவணியில்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு. எனக்கு அந்தச் செம்மண் ஞாபகம் வந்தது. தேவதானத்துத் தோப்பு மண்.

“என்னக்கா இது?” என்றேன்.

“என்னத்த என்னக்கா?” அக்கா சீறினாள். “சின்னையா எழவு சொல்லப் போன அன்னைக்குத்தான் தாள் வந்து விட்டிருக்காக. அவுகதான் சொன்னாக.” அத்தானின் தாய்மாமனை அவள் சின்னையா என்பாள். “ஜெயில்லருந்து வந்தவன் மொட்ட போட்டு முழுகாம வீட்டுக்குள்ள நொழையக்கூடாது. வீட்ல எழவு. ஆத்தாளுக்குக் கருமாதியன்னைக்கு மொட்ட போடணும். அதுக்கு முந்தி ஒரு மொட்ட போட்டா, பதினாறுக்குச் செரைக்க முடி எங்க இருக்கு? ‘ஏட்டி, ஒரு தலைக்கு ஒரு கத்திதான்’ன்னாக. அதான் தோப்புலயே கெடக்கட்டும்னு…”

“சரி, கெடந்தாரு. அதச் சொல்ல வேண்டியதுதான?”

“யார்ட்ட? பங்காளிட்டயா? ‘தேவதானத்துல வச்சுப் பாத்தேன், கொள்ளிக்கு வராதவன் தோப்புல எளநி குடிச்சிட்டுக் கெடந்தான்’னு ஊரெல்லாம் அடிக்கவா? அதுனாலதான் கருமாதியன்னைக்குக் காலைல வந்தாப்புல சொன்னோம். தெருவே நம்புச்சு. தெருவுல ஒண்ணு, வக்கீல்ட்ட ஒண்ணு சொல்ல முடியுமா? அந்தக் குமாஸ்தா பக்கத்துல உக்காந்திருக்கான்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“ஒனக்குச் சொன்னா நீ பிரஸ்ல அச்சடிச்சிருவ.”

சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருந்திருக்கிறது, அதிலிருந்து முகத்தை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். நான் அத்தானைப் பார்த்தேன். இத்தனை நாள் கட்டிக் காத்ததை அவர் ஏன் அங்கே போய் அவிழ்த்தார்? யாராவது ஏதாவது சொன்னார்களா? அவரையும்கூட நான் அந்த நேரத்தில் நம்பவில்லை.

“ஏன் அத்தான் சொன்னீங்க?”

“அம்மாவப் பத்திக் கேட்டான் மாப்ள” என்றார். “தேதியக் கேட்டிருந்தா தேதியச் சொல்லியிருப்பேன். அம்மா செத்தது எப்படித் தெரியும்னு கேட்டான். அதுல எப்படிப் பொய் சொல்ல?”

அப்போது குமாஸ்தா கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றார்.

“என்ன தெரியும்?”

“அண்ணன் தேவதானத்துல இருந்தது. எங்க மச்சினனுக்கு அங்கதான தோட்டம். அப்பவே பாத்துட்டு வந்து சொன்னான். நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சு, நமக்கெதுக்குன்னு நானும் யார்ட்டயும் மூச்சு விடலை. எங்க வீட்லகூடச் சொல்லலை.”

அக்கா அவரையே பார்த்தாள். யாருக்குப் பயந்து அந்தப் பொய்யை இவ்வளவு தூரம் சுமந்து வந்தாளோ, அவருக்கு அது முதல் நாளே தெரியும். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் வாயை மூடியிருந்திருக்கிறார். ஒரு தெருக்காரனாக அவர் செய்தது மரியாதை. வக்கீல் ஆபீஸில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் பிராது ஆடியிலேயே உள்ளே போயிருக்கும்.

அவர் போன பிறகு அக்கா சொன்னாள்: “இப்ப வந்து சொல்லுதான் பாரு. இவன்தான் அந்தக் கவர்மெண்டு வக்கீலுக்குச் சொல்லிக் குடுத்திருப்பான்.”

தீர்ப்பு தொண்ணூறுகள் பிறந்த பிறகு வந்தது. நான்தான் படித்தேன். இங்கிலீஷில் நீளமாக எழுதி, கடைசியில் ஒரு பத்தி. பிராது காலவரம்பைத் தாண்டிப் போடப்பட்டது, அதனால் தள்ளுபடி, மற்ற விஷயங்களுக்குள் போக வேண்டிய தேவை எழவில்லை. மற்ற விஷயங்கள் என்றால், அத்தானை உள்ளே வைத்திருந்தது யார் தப்பு என்பது. அவர் எந்த வார்த்தைக்காகப் போனாரோ அதற்குள் போக வேண்டிய தேவை எழவில்லை.

“மன்னிப்புக் கேட்டுப் பாக்க முடியாதா சார்? தெரியாமச் சொல்லிட்டோம்னு?” என்று நான் வக்கீலைக் கேட்டேன்.

“அப்பீல்னா தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். பிராதுக்கு அந்த மன்னிப்பே சட்டத்துல கெடயாது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க என்ட்ட உண்மையச் சொல்லியிருக்கணும்.”

“நீங்க ஜெயிலுக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே சார்?”

துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கைக்குட்டைமேலேயே சந்தேகம். ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் தேதி வந்திருக்கும். ஏன் போடவில்லை? கோர்ட்டு வாசலில் அவரும் அரசு வக்கீலும் ஒரே கடையில் நின்று ரோஸ்மில்க் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். வக்கீல்கள் வேறு எங்கே போய்க் குடிப்பார்கள்? இருந்தது ஒரே கடை. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. புத்தி சொல்லி மனசு எப்போது கேட்டிருக்கிறது?

தீர்ப்பு எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்காளி எங்கள் வாசலுக்கே வந்தார். கை மறுபடி மேலே ஏறியிருந்தது.

“தோப்புல ஒளிஞ்சு கெடந்திருக்கான். அதுவரைக்கும் நெசந்தான? கோர்ட்டுலயே சொல்லிட்டான். அப்ப அதுக்கு முந்தி எங்க கெடந்தானோ? ஜெயில்ல கெடந்தாம்னு ஜட்ஜு எழுதியிருக்காரா? நீதான படிச்ச, சொல்லுடே.”

நான் தாளைப் புரட்டினேன். எழுதியிருக்கவில்லை. அதற்குள் போக வேண்டிய தேவை எழவில்லை என்பதை இந்தத் தெருவின் தமிழில் எப்படிச் சொல்வது?

“ஜெயில்லருந்து வந்த கடிதாசில தேதி இருக்கு” என்றேன். “அத்தை செத்து அஞ்சாறு நாள் கழிச்சுத்தான் விட்டிருக்காங்க.”

“அந்தக் கடிதாசி எங்க?”

“கோர்ட்டுல.”

“கோர்ட்டுல” என்று திருப்பிச் சொன்னார், அன்றைக்கு ‘விடலை’ என்று சொன்ன அதே குரலில். “கருமாதியன்னைக்குத்தான் விட்டாங்கன்னீங்க. அது பொய்யாப் போச்சு. இப்ப வேற தேதி சொல்லுதீங்க. நாளைக்கு எதச் சொல்லுவீங்களோ?”

அத்தான் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வரவில்லை. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மதுரைக்குப் போகிறேன் என்றார். ஜெயிலுக்கே போய், உங்களை இன்ன தேதிவரை நாங்கள்தான் வைத்திருந்தோம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கப் போகிறாராம். கேஸுக்காக இல்லை. பங்காளி கையில் கொடுப்பதற்கு.

அந்தத் தாள் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அலைய விட்டுக் கொடுத்தார்கள். பங்காளி அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “முத்திரை புதுசால்ல இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். அது பின்னால் நடந்தது. அன்றைக்குக் காலையில் அது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தாள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நம்பியது அந்த ஒரு காலைப் பொழுதில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நானும் கூடப் போனேன். வக்கீல் ஆபீஸில் வழக்கு நம்பரை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பால்கோவாக் கடைகளில் கூட்டம். மலைப்பக்கம் கறுத்து, பிளவக்கல் அணை மேலே மழை இறங்கிக்கொண்டிருந்தது. மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அத்தான் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, துண்டால் சீட்டைத் தட்டி உட்கார்ந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நானும் வாரேன் அத்தான். இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா நான் படிச்சுப் பாத்து வாங்கலாம்.”

“வேண்டாம்.”

“தனியா போய் நின்னா அலைய விடுவாங்க.”

“அலையுதேன்.”

“எம்புட்டு நேரமாயிரப் போகுது? சாயங்காலம் திரும்பிரலாம். பிரஸ்ல சொல்லிக்கிடலாம்.”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அத்தான் கம்பியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், பிள்ளை கையிலிருந்து பொம்மையை எடுப்பது போல.

“நீ வராத மாப்ள. நீயும் கூட வந்தா, ரெண்டு பேருமாச் சேந்து எழுதிக்கிட்டு வந்துட்டானுகன்னு சொல்லுவாக.”